காப்பனவும் கழிப்பனவும்

கல்லூரி அலுவலகத்தின் பின்புறத்தே ஒரு சிறு களஞ்சிய அறை உண்டு. கால் முறிந்த கதிரைகளும், ஓரம் உடைந்த கரும்பலகைகளும், கட்டுக் கட்டாகப் பழைய வரவு இடாப்புகளும் அடைந்து கிடக்கும் அவ்வறையை அறியாத பழைய மாணவர் இலர். பிந்தி வந்த குற்றத்துக்காக அதனைக் கூட்டித் துடைத்தோரும் இம்மலரைப் படிப்போருட் சிலர் இருப்பர். அவ்வறை நிறைந்தபோது செய்யவேண்டியது யாது என்பதைக் கல்லூரி நன்கு அறிந்திருந்தது. ஆண்டிறுதியிற் பொருட்கணக்கெடுப்பு நடைபெறும். குழுவொன்று ஒவ்வொரு பொருளையும் நேரிற் கண்டு, இது திருத்தத்தக்கது, இது கழிக்கத்தக்கது எனக் குறிக்கும். அதிபர் ஒப்பமிடுவார். அதன் பின்னரே ஒரு முறிந்த வாங்குதானும் வளவைவிட்டு வெளியேறும்.

இன்று கல்லூரிக்கு இன்னோர் அறையும் உண்டு. அதற்குச் சுவரில்லை, கூரையில்லை, இரும்புத் திறப்புமில்லை. ஆசிரியர் ஆக்கும் வினாத்தாளும் பாடக்குறிப்பும், அலுவலக இலிகிதர் எழுதும் கடிதமும், புள்ளிப் பட்டியலும் நேரசூசியும், விளையாட்டுப் போட்டியின் நிழற்படமும், நாடகவிழாவின் காணொளியும் அங்கேயே சென்று சேர்கின்றன. முகிற்சேமிப்பகம் என்பது அதன் பெயர். அவ்வறையும் இப்பொழுது நிறையத் தொடங்கிவிட்டது. “இடம் போதாது” என்னும் அறிவித்தல் ஆசிரியர் பலரின் கணினித் திரையிலே நாள்தோறும் தோன்றுகின்றது. ஆயினும், அங்கே பொருட்கணக்கெடுப்பு இல்லை, குழு இல்லை, ஒப்பமும் இல்லை. ஒருவர் ஒரு விரலை அசைத்தால் பத்தாண்டு உழைப்பு ஒரு கணத்தில் மறைந்துபோம். முறிந்த வாங்குக்கு நாம் காட்டிய மதிப்பை எமது எழுத்துக்குக் காட்டவில்லையே என்னும் கவலையே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

விழாமலருக்கு ஏற்ற பொருளோ இஃது எனச் சிலர் வினவலாம். ஏற்றதே என்பது எம் துணிபு. விழா என்பது திரும்பிப் பார்க்கும் நேரம். திரும்பிப் பார்க்க வேண்டுமாயின் பின்னே ஏதேனும் இருத்தல் வேண்டும். பழைய இதழ்களும், சேர்விடாப்புகளும், மங்கிய நிழற்படங்களும் இருப்பதாலேயே நாம் இன்று முன்னோரைப் பெயர் சொல்லி நினைக்கின்றோம். இன்னும் ஐம்பதாண்டு கழித்து இக்கல்லூரியின் விழாமலரைத் தொகுக்கப் போகின்றவர் எமது காலத்தைப் பற்றி எதனைக் கண்டெடுப்பார்? அவர் தேடவேண்டியன யாவும் இன்று அம்முகிலறையிலே கிடக்கின்றன.

முகில் என்னும் பெயர் மயக்கந் தருவது. வானத்திலே ஒன்றும் இல்லை. கடல் கடந்த நாடுகளிற் பெருங் கட்டடங்களுள்ளே இரவு பகலாக இயங்கும் கணினிகளின் வட்டுகளில் எம்முடைய கோப்புகள் பதியப்படுகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும்; வெப்பத்தைத் தணிக்கப் பொறிகள் வேண்டும்; பழுதுற்ற வட்டை மாற்ற ஆட்கள் வேண்டும். ஆதலின், அங்கே ஒரு சிறு மூலையும் எவரோ ஒருவரின் செலவிலேயே கிடைக்கின்றது. இதனை நாம் மறந்திருந்தமைக்குக் காரணமும் உண்டு. கல்வி நிலையங்களுக்கு எல்லையற்ற இடம் தருவதாகக் கூகிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அறிவித்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக எம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்லூரிகள் பல இத்தகைய சேவைகளை நாடின. வகுப்பறை கணினித் திரைக்கு மாறியது, பாடங்கள் காணொளிகளாயின. எவரும் அளவைப் பற்றி எண்ணவில்லை. எண்ணுவதற்குத் தேவையும் இருக்கவில்லை.

2021 பெப்ரவரியில் அந்நிறுவனம் தன் கொள்கையை மாற்றி அறிவித்தது. 2022 யூலை தொடக்கம், முன்னரே சேர்ந்திருந்த கல்வி நிலையம் ஒவ்வொன்றுக்கும் அடிப்படையளவாக 100 தெராபைற்று இடமே என வரையறை வந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனமும் 2024இல் கல்வி நிலையங்களுக்கு அதே 100 தெராபைற்றைப் பொது அளவாக வகுத்தது. தனியார் கணக்குகளின் நிலையும் இதுவே. கூகிளின் இலவசக் கணக்கில் மின்னஞ்சல், நிழற்படம், கோப்பு ஆகிய மூன்றுக்குமாக 15 கிகாபைற்றே உண்டு. சுருக்கிப் பதிந்த நிழற்படங்களைக் கணக்கிற் சேர்க்காது விட்டிருந்த சலுகையும் 2021 யூன் 1ஆந் திகதியுடன் முடிவுற்றது.

இவ்வரையறையைக் கொடுமை என்று யாம் கூற மாட்டோம். விருந்தாளியாக நெடுங்காலம் உண்டவன், பந்தியில் ஓர் அளவு வைத்தபோது வெகுண்டெழுதல் முறையன்று. உண்மையில், 100 தெராபைற்று என்பது சிறிய இடமுமன்று. இரண்டாயிரம் மாணவரும் நூறு ஆசிரியர் ஊழியரும் உள்ள கல்லூரி ஒன்றிலே அதனைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவர்க்கு ஏறத்தாழ 47 கிகாபைற்று வரும். அஃது எவ்வளவு பெரிய செல்வம் என்பதைத் தமிழாசிரியர் முறையிற் கணக்கிட்டுக் காட்டுகின்றோம்.

ஒருங்குறி முறையிலே எழுதப்படும் தமிழில், பெருவழக்காயுள்ள குறியாக்கத்தின்படி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைற்று இடம் வேண்டும். “கோ” என எழுதினால் ககரத்துக்கு ஒன்றும் ஓகாரக் குறிக்கு ஒன்றுமாக இரண்டு குறியீடு, 6 பைற்று. ஒரு பக்கத்தில் 2,000 குறியீடுகள் உள்ளன எனக் கொண்டால் அப்பக்கத்துக்கு 6,000 பைற்று. இருநூறு பக்கமுள்ள விழாமலர் ஒன்றின் எழுத்து முழுவதும் 12 இலட்சம் பைற்றுள், அஃதாவது ஏறத்தாழ 1.2 மெகாபைற்றுள் அடங்கிவிடும். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமோ மூன்று நான்கு மெகாபைற்று இடத்தைக் கொள்ளும். மலரிலுள்ள எழுத்தனைத்தும் ஒரு நிழற்படத்தின் பாதிதானும் ஆகாது! ஒரு மணி நேரக் காணொளி 500 மெகாபைற்று எனின், அவ்விடத்திலே 80,000 பக்கத்துக்கு மேற்பட்ட தமிழை எழுதி வைக்கலாம்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். எமது அறையை நிறைத்தது எழுத்தன்று. படமும் காணொளியும், ஒன்றைப் பலவாக்கும் எமது பழக்கமுமே என்பது ஒன்று. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றுநிருபத்தைப் படமெடுத்து, 5 மெகாபைற்று இணைப்பாகத் தொண்ணூறு ஆசிரியர்க்கு மின்னஞ்சலில் அனுப்பினால், தொண்ணூறு பெட்டிகளிலும் அஃது இடங்கொண்டு 450 மெகாபைற்றை விழுங்கும். ஓரிடத்தில் அதனை வைத்து, இருக்குமிடத்தை மட்டும் அறிவித்தால் 5 மெகாபைற்றுடன் காரியம் முடியும். தட்டச்சிற் பொறித்தாலோ சில ஆயிரம் பைற்றே போதும். ஒரு கோப்பின் பருமனுக்கும் அதன் பயனுக்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது உண்மையை யாம் நூலிற் படித்து அறிந்திலேம்; இழந்து அறிந்தோம். அதனை ஈண்டு மறையாது கூறுதல் கடன்.

2018ஆம் ஆண்டில், உயர்தர வகுப்பு மாணவரைக் கொண்டு அவரவர் ஊர்களில் வழங்கும் நாட்டார் பாடல்களைத் திரட்டுவித்தோம். தாலாட்டும், ஒப்பாரியும், அருவிவெட்டுப் பாட்டுமாகப் பல வந்து சேர்ந்தன. மாணவன் ஒருவன் தன் அப்பாச்சியைத் திண்ணையில் இருத்தி, அவர் பாடியவற்றைக் கைத்தொலைபேசியிற் காணொளியாகப் பதிந்து தந்தான். நாற்பது நிமிடத்துக்கு மேலோடிய பதிவு அது. இடையிடையே அவர் பாட்டை மறந்து சிரிப்பார்; பேரன் அடியெடுத்துக் கொடுப்பான்; மீண்டும் தொடங்குவார். அவற்றையெல்லாம் எமது கணக்கிலே சேர்த்து வைத்தோம். ஓய்வு கிடைக்கும்போது எழுதிப் பெயர்க்கலாம் என்பது எம் எண்ணம். ஆசிரியர்க்கு ஓய்வு எப்பொழுது கிடைத்தது!

நான்காண்டு கழிந்தது. தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் ஆக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் மாலை, இடம் முடிந்ததென்ற அறிவித்தல் வந்தது. மறுநாட் காலை வினாத்தாள் அச்சுக்குப் போகவேண்டும்; புதிய கோப்பை ஏற்ற வழியில்லை. இளைய ஆசிரியர் ஒருவர், பருமன் கூடிய கோப்புகளை மேலே வரும்படி வரிசைப்படுத்தி நீக்கினால் விரைவில் இடம் பெறலாம் என்று காட்டினார். அவ்வாறே செய்தோம். மேலிருந்த இருபது கோப்புகளைத் திறந்து பாராமலே நீக்கினோம். வினாத்தாள் உரிய நேரத்தில் அச்சுக்குச் சென்றது. நீக்கியவை மீட்க இயலாதவாறு அழிந்தன.

அடுத்த ஆண்டு அம்மாணவர், அப்பொழுது பல்கலைக்கழக மாணவர், எம்மைத் தேடி வந்தார். அப்பாச்சி காலமாகிவிட்டார், கைத்தொலைபேசியும் பழுதாகிவிட்டது, அந்தப் பதிவை ஒருமுறை தரமுடியுமா எனக் கேட்டார். கணக்கைத் திறந்து தேடினோம். ஒரே சுற்றுநிருபத்தின் பதினொரு பிரதிகள் இருந்தன. எவரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள் இருந்தன. அப்பதிவு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னோம். “பரவாயில்லை, சேர்” என்று கூறிச் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனார். அச்சொல் இன்னும் எம் செவியிலே நிற்கின்றது.

இங்கே குற்றம் கருவியினதன்று, வரையறையினதுமன்று. இடத்தைத் தேடிய அவசரத்திலே பொருளைப் பார்க்கத் தவறிய எமதே.

தமிழ் கற்றார்க்கு இத்தகைய இழப்புப் புதிதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் எமக்குக் கிடைத்தில. பரிபாடல் எழுபதில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. ஓலைக்கும் ஓர் ஆயுளும் ஓர் அளவும் உண்டு. செல்லும் ஈரமும் அரித்துவிடுமுன் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதினாலன்றி நூல் நில்லாது. பெயர்த்தெழுதும் கை சில. எழுதவேண்டிய ஏடு பல. ஆகவே, ஒவ்வொரு தலைமுறையும் தெரிந்தோ தெரியாமலோ சிலவற்றைக் காத்தது, சிலவற்றைக் கைவிட்டது. எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியிராவிடின் எமது வகுப்பறைகளின் நிலை என்னாயிருக்கும்!

எனவே, எல்லை என்பது தமிழுக்குப் புதியதன்று. புதியது வேறொன்று. ஏட்டைப் பெயர்த்தெழுதியவன், காப்பதற்கு ஒன்றை எடுக்குமுன் அதனைப் படித்தான். இன்று நாம் படியாமலே கழிக்கின்றோம். அவனுக்கு ஒரு நூலைக் காப்பது உழைப்பு. அழிய விடுவது எளிது. எமக்கோ வைத்திருப்பதும் எளிது, அழிப்பதும் எளிது. ஆராய்ந்து தெரிதல் ஒன்றே அரிதாயிற்று.

யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை நாம் மறந்திலோம், மறத்தலும் ஆகாது. பிறர் மூட்டிய தீயில் வெந்தனவற்றுக்காக வருந்தும் நாம், எம் கையாலே அழிவனவற்றைக் காணாதிருத்தல் பொருந்துமோ?

நிற்க. இடத்தின் அளவினும் பெரிய வினா ஒன்று இதனுள் அடங்கியுள்ளது. அக்கோப்புகள் யாருடையவை? ஆசிரியர் ஒருவர் தம் கணக்கிலே ஆக்கி வைக்கும் கோப்புக்கு அவரே உரியவராகக் கணிக்கப்படுகின்றார். பத்துப் பேர் அதனைப் பயன்படுத்தினும் உரிமை அவருடைய கணக்கினதே. அக்கணக்கு நீக்கப்படுமுன் உரிமையை வேறொருவர்க்கு மாற்றாவிடின் கோப்புகளும் உடன் போம். கூகிளின் கல்விச் சேவையில், நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம். அதன் பின் இயலாது.

யாம் அறிந்த கல்லூரி ஒன்றிலே இது நிகழ்ந்தது. நெடுங்காலம் நேரசூசிக்குப் பொறுப்பாயிருந்த கணித ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். மாலை சூட்டினர், புகழுரை கூறினர், கற்பித்தற் சாதனங்களை எண்ணிக் கையேற்றனர். இடம் போதாமையால், விலகியோர் கணக்குகளை நீக்கும்படி ஒரு கட்டளையும் இருந்தது. அவ்வாறே நீக்கினர். புதிய தவணை தொடங்கியபோது, நேரசூசியும் பல்லாண்டு வினாத்தாட் டொகுதியும் திறக்கவில்லை. இருபது நாள் எப்பொழுதோ கடந்துவிட்டது. அளவுகோல்களையும் கவராயங்களையும் எண்ணிக் கையேற்றவர்கள், அவ்வாசிரியரின் இருபதாண்டு உழைப்பைக் கையேற்க மறந்தனர். அங்கும் எவரும் தீயவரல்லர். முறை ஒன்று இருக்கவில்லை; அவ்வளவே.

இதற்கு மாற்றாக, கல்லூரியே உரிமை கொள்ளும் பொதுப் பேழைகளை அச்சேவைகளில் அமைக்கலாம். அவற்றுள் இட்ட கோப்பு, இட்டவர் விலகினும் விலகாது. பாடத்துக்கு ஒரு பேழை, அலுவலகத்துக்கு ஒரு பேழை, விளையாட்டுக்கு ஒரு பேழை எனப் பகுத்துவிட்டால், இப்பிணக்கிற் பெரும்பகுதி தீரும்.

எம் கருத்துக்கு மாறாகக் கூறப்படுவன சில உள. காசு கொடுத்து மேலும் இடம் வாங்கினால் என்ன என்பர் ஒரு சாரார். வாங்கலாம். ஆனால், ஒழுங்கற்ற வீட்டுக்கு இன்னோர் அறை கட்டினால் அவ்வறையும் ஒழுங்கற்றதாகவே நிறையும். அன்றியும், அச்செலவு ஒரு முறையுடன் முடிவதன்று; ஆண்டுதோறும் வருவது. நன்கொடை நின்ற ஆண்டில் நம் நினைவும் நின்றுவிடலாமோ?

ஆசிரியர் அவரவர் தத்தம் சொந்தக் கணக்கிலே வைத்துக்கொள்ளட்டும் என்பர் வேறொரு சாரார். இது மேலும் இடர் தரும். சொந்தக் கணக்கொன்று இரண்டாண்டு பயன்படுத்தப்படாதிருப்பின் அதனை நீக்கலாம் என்னும் விதியைக் கூகிள் நிறுவனம் 2023இல் வகுத்தது. ஓராசிரியர் நோயுற்றால், வெளிநாடு சென்றால், இறந்தால், அவருடைய கடவுச்சொல்லை யாரிடம் கேட்பது? கல்லூரியின் கோப்பு கல்லூரியின் பேழையிலேயே இருத்தல் வேண்டும்.

எல்லார்க்கும் ஒரே அளவை வகுத்துவிட்டாற் பிணக்கில்லை என்பர் இன்னுஞ் சிலர். பார்வைக்கு இது நீதி போலத் தோன்றும். ஆயின், தமிழாசிரியர்க்கு ஒரு கிகாபைற்றே ஆண்டுக்குப் போதும். நாடகத்துக்குப் பொறுப்பானவர்க்கு ஒரு விழாவுக்கே அது போதாது. நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் இலிகிதர்க்கும் போதாது. கடமைக்கேற்ப அளத்தலே நீதி. கணக்கு நிருவாகி பிரிவு வாரியாக அளவை வகுக்க வசதியுண்டு. கல்லூரிப் பேழையைப் பெரிதாகவும் தனியார் பங்கைச் சிறிதாகவும் வைத்தல் தக்கது. அப்பொழுது ஒருவர் தம் சொந்தப் பங்கு நிறைந்ததென்று கல்லூரியின் பொருளை அழிக்க வேண்டிய நிலை வாராது.

இவற்றை மனத்திற் கொண்டு, அதிபர் அவர்களுக்கும் ஆசிரியர் குழாத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஐந்து வேண்டுகோள்களைப் பணிவுடன் விடுக்கின்றோம்.

முதலாவது, ஆண்டுதோறும் மூன்றாந் தவணை முடிவில், பொருட்கணக்கெடுப்புடன் கோப்புக் கணக்கெடுப்பும் நடைபெறுக. ஒவ்வொருவரும் தம் கோப்புகளைக் கல்லூரிக்கு உரியன, தமக்கே உரியன, கழிக்கத்தக்கன என மூன்றாகப் பகுத்தல் வேண்டும். அவசரத்திற் கழித்தவன் அழுவான் என்பதற்கு யாமே சான்று.

இரண்டாவது, கல்லூரிக்கு உரிய எதனையும் ஒருவர் தனித்து அழித்தலாகாது. கழிக்கத்தக்கவற்றின் பட்டியல் ஆசிரியர் அறையிலே ஒரு தவணை தொங்குக. ஆட்சேபனை இல்லையாயின் இருவர் ஒப்பமிட்டுக் கழிப்பாராக. முறிந்த வாங்குக்கு உள்ள விதி இதற்கும் ஆகுக.

மூன்றாவது, இடமாற்றமோ ஓய்வோ பெறும் ஆசிரியர், நூல்களையும் திறப்புகளையும் கையளிப்பதுபோலக் கோப்புகளையும் கையளித்தல் வேண்டும். இது நடந்தேறியதென அதிபர் குறித்த பின்னரே அவர் கணக்கு மூடப்படுக. தாம் ஆக்கிய பாடக்குறிப்பின் பிரதியைத் தம்முடன் கொண்டு செல்லவும் அவர்க்கு இடமளித்தல் வேண்டும். உழைத்தவரை வெறுங்கையுடன் அனுப்புதல் அறமன்று.

நான்காவது, அரியவற்றை முகிலை மட்டும் நம்பி விடுதலாகாது. வன்வட்டு ஒன்றிற் பிரதி எடுத்து நூலகத்திலும், இன்னொன்றிலே எடுத்து வளவுக்கு வெளியேயும் வைத்தல் வேண்டும். வட்டும் பழுதாகும், ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். கல்லூரி இதழ், விழாமலர் போன்ற யாவர்க்கும் உரியவற்றை, 2005ஆம் ஆண்டு தொடக்கம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கும் அளிக்கலாம்.

ஐந்தாவது, கழிக்கவேண்டியதைக் கழிக்கவும் துணிதல் வேண்டும். எல்லாவற்றையும் காப்போம் என்பது எதனையும் காவாமைக்கே வழியாகும். மாணவரின் பிறப்புச் சான்றிதழ்ப் படங்களும், நோய் பற்றிய கடிதங்களும், குடும்ப வறுமையைக் கூறும் விண்ணப்பங்களும் தேவை முடிந்த பின்னும் பலருடைய பெட்டிகளிலே கிடக்கின்றன. ஒருவரைப் பற்றிய தரவைக் கொண்ட நோக்கத்துக்கு வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்பது, ஆள்சார் தரவுகளின் பாதுகாப்புக்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கொண்ட நெறிகளுள் ஒன்று. சட்டம் சொல்லாவிடினும், பிறர் பிள்ளையின் துன்பத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்திருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அவற்றுட் பதிவேட்டிலே நிலையாக இருக்கவேண்டியது இருக்க, மற்றவை போகுக.

இவ்வைந்துக்கும் பெருஞ் செலவில்லை. நேரமும் மனமுமே வேண்டும். இங்கே பழைய மாணவர்க்கு ஒரு சொல். மண்டபமும் மதிலும் கட்டித் தந்த உங்கள் கொடையைக் கல்லூரி மறவாது. ஆயின், உங்களுட் பலர் இந்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினித் துறையிலே உயர் பணி புரிகின்றீர்கள். பேழைகளை ஒழுங்காக அமைத்துத் தருதல், கணக்கு நிருவாகத்தை அறியாத ஆசிரியர்க்கு அறிவித்தல், ஆண்டுக்கொருமுறை வட்டைச் சோதித்தல் ஆகிய பணிகள் உங்களுக்கு ஒரு நாள் வேலை. எமக்கோ அது பல்லாண்டுக் கவலையை நீக்குவது. பணமாக அன்றி, ஆண்டுக்கு ஒரு நாளாக அக்கொடையைத் தாருங்கள். உங்கள் வீடுகளிலே கிடக்கும் பழைய வகுப்பு நிழற்படங்களையும், பரிசுத் தினப் பத்திரங்களையும் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்பி வையுங்கள். பெயர் குறியாத படம் ஒரு தலைமுறை கழிந்தால் அயலார் படமே.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். உங்கள் கைத்தொலைபேசிகள் நாள்தோறும் நூறு படம் எடுக்கின்றன. அவற்றுள் எதனை நாற்பதாண்டு கழித்து உங்கள் பிள்ளைக்குக் காட்ட விரும்புவீர்கள் என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதனை வேறாக எடுத்து, பெயரும் நாளும் எழுதி, இரண்டிடத்தில் வையுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள். கற்றவனுக்கு அடையாளம் எல்லாவற்றையும் திரட்டி வைத்தலன்று. எது வேண்டும், எது வேண்டாம் எனத் தெரிதலே. உங்கள் வீட்டிலே அப்பாச்சியோ அம்மம்மாவோ பாடுவாராயின், இன்றே பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததைக் கேட்டு எழுதியும் வையுங்கள். எழுத்துக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது என்பதை மேலே கண்டீர்கள்.

அன்று வந்து வெறுங்கையுடன் மீண்ட அம்மாணவர்க்கு யாம் செலுத்தவேண்டிய கடன் தீராதது. அவர்க்கு இழந்ததை மீட்டுத் தர எம்மால் இயலாது. இனி ஒருவர் அவ்வாறு வந்து கேட்கும்போது, “இருக்கிறது, தம்பி, இதோ” என்று கூறும் நிலையைக் கல்லூரி அடையுமாயின், அக்கடனில் ஒரு பங்கேனும் தீர்ந்ததாகக் கொள்வோம்.

கல்லூரி அன்னை தன் மக்களின் பெயரை மறவாது நீடு வாழ்க!